மறுமொழி: பல் ‘தேய்மானம்’ – ஒரு சொல் போதுமா?

> நம் கலைச்சொல் அகராதியில் அட்ரிஷன், அப்ரேஷன், எரோஷன் மூன்றுக்கும் ‘தேய்மானம்’ என்றே போட்டுவிடலாமா?

போட்டால் ஆதிமனிதப் பல்லைப் பற்றி ஒரு பத்திகூட ஓடாது, ஐயா. மேல்பல்லும் கீழ்ப்பல்லும் உரசித் தேய்ந்தால் (அட்ரிஷன்) வழவழப்பான தட்டை முகம் விழும்; ஓரம் கூர்மையாக நிற்கும்; எதிர்ப்பல்லிலும் அதற்கு ஜோடி இருக்கும். உணவோடு வரும் மண் தேய்த்தால் (அப்ரேஷன்) ஓரம் மழுங்கும், பல்லின் மேலடுக்கான எனாமலைவிட மெத்தென்ற உள்ளடுக்கு டென்டின் பள்ளமாகும். அமிலம் கரைத்த (எரோஷன்) இடத்துக்கு ஜோடி முகம் கிடையாது.

என் முன்மொழிவு: உரசல் தேய்வு, அராவல் தேய்வு, கரைவுத் தேய்வு. அரம் போட்டு அராவுவது நம் பட்டறைப் பேச்சுதான். கடினத்தைக் குறிக்கும் மோஸ் அளவில் எனாமல் 5, மணலிலுள்ள குவார்ட்ஸ் 7. வாய்க்குள் அரம் அதுதான். உரசி விழும் முகத்துக்கு, கல்லுக்குப் பட்டை தீட்டுகிறோமே, அந்தப் ‘பட்டை’.

மதுரை

---

மூன்றும் நிற்கும், அம்மா. ‘பட்டை’ மட்டும் தனியே நின்றால் மரப்பட்டை ஞாபகம் வரும். ‘தேய்பட்டை’ என்று வைப்போம். ‘தேய்மானம்’ கணக்கர்களிடமே இருக்கட்டும், அதில் நட்டம்தான் தெரிகிறது. அம்மி வழுக்கினால் கொத்தவேண்டும். மாட்டின் கடைவாய்ப்பல் தேயத்தேயத் தானே கொத்திக்கொள்கிறது: டென்டின் தாழ, எனாமல் விளிம்பு எழும்பி நிற்கும், புல் அரைபடும். பல் வேலைசெய்வதே தேய்வால்தான்.

‘நுண்தேய்வு’ தனிப் பதிவாக வேண்டும். கண்ணுக்குத் தெரியும் தேய்வு ஆயுள் முழுவதும் சேர்ந்தது. நுண்ணோக்கியில் தெரியும் குழியும் கீறலும் சாவதற்கு முந்தைய சில நாள், சில வாரத்துச் சாப்பாடு. புதுக் கீறல் பழையதை அழித்துவிடும். 1959இல் தான்சானியாவின் ஓல்டுவாயில் தொல்லியலாளர் மேரி லீக்கி கண்டெடுத்த மண்டையோட்டின் பெரிய கடைவாய்ப்பல்லையும் தடித்த எனாமலையும் பார்த்து ‘கொட்டை உடைப்பான்’ என்று பெயர் வைத்தார்கள். பாராந்த்ரோபஸ் போய்சியை என்ற அந்த ஆதிமனித இனத்துப் பற்களில் பிறகு நுண்தேய்வு பார்த்தால், கொட்டை உடைத்திருந்தால் விழவேண்டிய ஆழக்குழிகள் இல்லை, மெல்லிய கீறல்களே. தின்ற தாவர வகையைப் பல்லில் பதிந்து வைக்கும் கார்பன் ஐசோடோப்பும் புல், கோரை வகையைத்தான் காட்டியது. பல்லின் வடிவம் எதைச் சாப்பிட முடியும் என்று சொல்லும். எதைச் சாப்பிட்டது என்று சொல்லாது. அகராதி விளக்கத்தில் இந்த வேறுபாடு வந்தாக வேண்டும்.

விட்டுப்போன ஒன்று: ‘மண்கீறல்’. கீழடி அருகே கொந்தகை ஈமத்தாழிகளில் கிடைப்பதுபோல மண்ணுக்குள் கிடந்த பல்லில் இது வரக்கூடும். மென்ற கீறல் தேய்பட்டையில் பெரும்பாலும் ஒரே திசையில் ஓடும்; மண்கீறல் மெல்லாத பக்கச்சுவரிலும் கண்டபடி கிடக்கும். விறைப்பான பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினால் நாமே புதுக்கீறல் போட்டுவிடுவோம். பஞ்சில் ஆல்கஹால் தொட்டு ஒற்றி எடுத்து, உலர்ந்தபின் சிலிக்கோன் அச்செடுத்து, அதில் எப்பாக்ஸி வார்த்த நகலைத்தான் நுண்ணோக்கியில் வைக்கவேண்டும். எப்பாக்ஸியில் காற்றுக்குமிழ் சிக்கினால் நகலில் அதுவும் குழி மாதிரியே தெரியும். அதற்குக் ‘குமிழ்க்குழி’ என்று போட்டிருக்கிறேன். மாற்றுச் சொல் இருந்தால் எழுதுங்கள்.

திருப்புவனம்