கார் ஏறி உடைந்த கார்பன் ஃபிரேம்: வீட்டிலேயே சரி செய்ய முடியுமா?

சிறுவாணி சாலை:
வணக்கம். போன ஞாயிறு காலையில் டீக்கடை ஓரம் சைக்கிளைச் சாய்த்து வைத்திருந்தேன். ரிவர்ஸ் எடுத்த ஒரு கார் அதைத் தள்ளிவிட்டு மேலேயும் ஏறிவிட்டது. இடது பக்க சீட் ஸ்டே (சீட்டுக்குக் கீழிருந்து பின் சக்கரத்துக்கு இறங்கும் மெல்லிய குழாய்) இரண்டாக முறிந்து நார் நாராகத் தொங்குகிறது. ஃபிரேமின் மேல் குழாயான டாப் டியூபில், சீட்டைத் தாங்கும் சீட் போஸ்டுக்கு ஒரு சாண் முன்னால், நாலு சென்டிமீட்டருக்கு விரிசல், கட்டைவிரலால் அழுத்தினால் அந்த இடம் லேசாக அமுங்குகிறது. கடையில் காட்டினால் கார்பன் உடைந்தால் அவ்வளவுதான், தூக்கிப் போடுங்கள் என்கிறார்கள். இரண்டு வருடம் சேர்த்த பணத்தில் வாங்கியது, மனசு வரவில்லை. எபாக்சி பிசினும் கார்பன் துணியும் வாங்கி நானே ஒட்டலாமா? மரவேலை ஓரளவு வரும். வீட்டில் செய்து பார்த்தவர்கள் யாராவது உண்டா?

இறக்கை ரிப்பேர்:
தம்பி, நான் பல்லடம் பக்கம் காற்றாலை இறக்கைகளுக்கு ஒட்டு வேலை பார்க்கிறவன். அது கண்ணாடி நார், உங்களுடையது கார்பன், ஆனால் வேலையின் முறை ஒன்றுதான். என்னுடையதையும் இன்னொரு நண்பருடையதையும் சேர்த்து மூன்று ஃபிரேம் சரி செய்திருக்கிறேன். முடியவே முடியாது என்பது சரியல்ல. 2013இல் லண்டன் ஹீத்ரோவில் நின்றிருந்த எத்தியோப்பிய போயிங் 787 ஒன்றின் பின்பக்கம் தீயில் கருகியது, அந்தக் கார்பன் உடலையே சரி செய்து மறுபடி பறக்க விட்டார்கள்.

முதலில் எவ்வளவு தூரம் அடிபட்டிருக்கிறது என்று பாருங்கள். பெயிண்டில் தெரியும் விரிசலை நம்பாதீர்கள், உள்ளே ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் கார்பன் துணி லேயர்கள் பிரிந்திருப்பது அதைவிட நீளமாக இருக்கும். ஒரு ரூபாய் நாணயத்தால் ஃபிரேம் முழுக்க மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் டிக் டிக் என்று கூர்மையாகக் கேட்கும், பிரிந்த இடம் பொத் என்று மந்தமாகக் கேட்கும். மந்தமான இடத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போடுங்கள். பாட்டம் பிராக்கெட் (பெடல் அச்சு உட்காரும் இடம்), ஹெட் டியூப் (ஃபோர்க் செருகும் முன் குழாய்) பக்கம் அந்த மந்தமான சத்தம் வந்தால் வீட்டு வேலை வேண்டாம், அங்கே லேயர்கள் பல திசையில் மடிந்து போகும், நம்மால் அதைத் திருப்பிக் கட்ட முடியாது. சீட் ஸ்டேயும் டாப் டியூபும் என்றால் தைரியமாக இறங்கலாம்.

நிறைய பேர் தவறு செய்வது ஒட்டில்தான். விரிசல் மேல் துணியைச் சுற்றி, மேலே பட்டி பார்த்து பெயிண்ட் அடித்துவிடுகிறார்கள். ஒட்டின் பலம் எவ்வளவு கனமாகச் சுற்றினோம் என்பதில் இல்லை, பழைய நாரும் புதிய நாரும் எவ்வளவு நீளத்துக்கு ஒன்றின் மேல் ஒன்று படுத்திருக்கின்றன என்பதில் இருக்கிறது. கயிறு திரிக்கிறவர் இரண்டு கயிற்றை நுனியோடு நுனி வைத்தா சேர்க்கிறார், பிரியைப் பிரித்து ஒன்றுக்குள் ஒன்று ஓட விட்டுத்தானே திரிக்கிறார், அதே கதைதான். டியூப் சுவர் ஒரு மில்லிமீட்டர் கனம் என்றால் விரிசலின் இரண்டு பக்கமும் குறைந்தது 20 மில்லிமீட்டருக்குச் சரிவாகத் தேயுங்கள். நான் 30 வைப்பேன். உப்புத்தாளால் கையாலேயே தேய்த்தால் போதும், பழைய லேயர்கள் ஒவ்வொன்றாக மரத்தின் வளையம் மாதிரி தெரியும்.

தேய்க்கும்போது என்95 மாஸ்க், கண்ணாடி, முழுக்கைச் சட்டை கட்டாயம். தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் தூசி பறக்காது. மொட்டை மாடியில் செய்யுங்கள், குழந்தைகள் இருக்கும் அறையில் வேண்டவே வேண்டாம்.

நீலகிரி இறக்கம்:
அண்ணா சொன்னது எல்லாம் சரி, ஆனால் முன் சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கைப் பற்றி யாரும் பேசவில்லையே. கார் ஏறியிருக்கிறது என்றால் ஃபோர்க்கைக் கழற்றி அதன் மேல் தண்டான ஸ்டீரர் டியூபைப் பாருங்கள். நான் ஒரு தடவை விழுந்தபோது ஃபிரேமை மட்டும் கவனித்துச் சரி செய்தேன், ஃபோர்க் வெளியே பளபளவென்று இருந்ததால் விட்டுவிட்டேன். இரண்டு மாதம் கழித்து, ஹேண்டில்பாரைப் பிடிக்கும் ஸ்டெம்முக்குக் கீழே ஸ்டீரர் முறிந்தது. நல்ல வேளை சமதரையில், கைமணிக்கட்டோடு போனது. கோத்தகிரி இறக்கத்தில் ஆகியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். சீட் ஸ்டே போனால் சைக்கிள் ஆடும், நிறுத்த நேரம் கிடைக்கும். ஃபோர்க் போனால் நேரமே கிடைக்காது. ஃபோர்க், ஹேண்டில்பார், சீட் போஸ்ட் இந்த மூன்றையும் தயவு செய்து ஒட்டாதீர்கள், புதிதாக வாங்குங்கள்.

சிறுவாணி சாலை:
ரொம்ப நன்றி. தட்டிப் பார்த்தேன், பாட்டம் பிராக்கெட் பக்கம் சத்தம் நன்றாக இருக்கிறது. எந்த ரெசின் வாங்குவது? முறிந்த ஸ்டேயை எப்படி நேராகப் பிடித்து வைப்பது? எப்படி அழுத்துவது, வாக்குவம் பம்ப் என்னிடம் இல்லை.

இறக்கை ரிப்பேர்:
ஐந்து நிமிடத்தில் இறுகும் பசை வேண்டாம், பாலியெஸ்டர் ரெசினும் வேண்டாம், அது பழைய எபாக்சியைச் சரியாகப் பிடிக்காது. துணியில் ஊறுகிற லேமினேட்டிங் எபாக்சி வாங்குங்கள். எல்ஒய் 556 ரெசின், அதை இறுக வைக்கும் எச்ஒய் 951 ஹார்டனர், இந்த ஜோடி நம் ஊரில் கிடைக்கும், எடையில் பத்துக்கு ஒன்று. 30 கிராம் ரெசினுக்கு 3 கிராம் ஹார்டனர், கண் மதிப்பில் ஊற்றாமல் நகை எடை போடும் சின்னத் தராசில் போடுங்கள். நைட்ரைல் கையுறை போடுங்கள், ஹார்டனர் ஒரு தடவை தோலுக்கு ஒவ்வாமல் போனால் அப்புறம் ஆயுசுக்கும் அரிக்கும்.

ஸ்டேக்கு: பின் சக்கரத்தை மாட்டி ஆக்சிலை இறுக்குங்கள். கொத்தனார் நூலை ஒரு டிராப்அவுட்டில் (பின் ஆக்சில் உட்காரும் முனை) கட்டி, ஹெட் டியூபைச் சுற்றி, அடுத்த டிராப்அவுட்டுக்கு இழுங்கள். சீட் டியூபிலிருந்து இரண்டு பக்க நூலும் ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். முறிந்த குழாயின் உள்ளே கெட்டியான ஃபோம் துண்டைச் செதுக்கிச் செருகி, மேலே ஒரே ஒரு லேயர் மட்டும் போட்டு ஒரு நாள் காய விடுங்கள். மறுபடி நூல் பிடித்துப் பார்த்துவிட்டு, சரியாக இருந்தால் மட்டும் சரிவு தேய்த்து மீதியைச் சுற்றுங்கள். சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள துணி ஒரு லேயர் கிட்டத்தட்ட கால் மில்லிமீட்டர், ஆக நாலு லேயரும் மேலே ஒன்றிரண்டும் போதும். சின்னதிலிருந்து பெரியதாக வையுங்கள். சில லேயரை நீளவாக்கில், சிலதை 45 டிகிரி கோணத்தில் வெட்டுங்கள். எல்லாம் ஒரே திசையில் போனால் பெடல் மிதிக்கும்போது வரும் முறுக்கைத் தாங்காது.

அழுத்த பம்ப் வேண்டாம். பீல் பிளை (காய்ந்த பின் உரித்தெடுக்கும் துணி) சுற்றி, அதன் மேல் இன்சுலேஷன் டேப்பைப் பசைப்பக்கம் வெளியே வரும்படி இழுத்து இழுத்துச் சுற்றி, ஊசியால் நெருக்கமாகக் குத்திவிடுங்கள், மிகுந்த ரெசின் துளித் துளியாக வெளியே வரும். மறுநாள் பிரித்துவிட்டு, அட்டைப் பெட்டிக்குள் பல்ப் போட்டு தெர்மாமீட்டர் வைத்து, 60 டிகிரியில் சில மணி நேரம் வையுங்கள், பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள். இதை விட்டால் மே மாத வெயிலில் கார் கூரையில் கட்டிப் போகும்போதே ஒட்டு இளகும்.

சிறுவாணி சாலை:
மூன்று வாரம் ஆகிவிட்டது, சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன். டாப் டியூபில் பெயிண்டைத் தேய்த்தபோது நாலு சென்டிமீட்டர் விரிசலுக்கு அடியில் ஒன்பது சென்டிமீட்டர் வரை லேயர் பிரிந்திருந்தது. ஸ்டேயில் முதல் லேயர் காய்ந்த பிறகு நூல் மூன்று மில்லிமீட்டர் விலகியிருந்தது, அறுத்து மறுபடி வைத்தேன், இப்போது இரண்டு பக்கமும் சமம். நேற்று பேரூர் வரை மெதுவாக ஓட்டிவிட்டு வந்து தட்டிப் பார்த்தேன், சத்தம் மாறவில்லை. வாரா வாரம் தட்டுவேன். ஃபோர்க்கில் ஸ்டீரர் அடியில் மயிரிழை மாதிரி ஒரு கோடு இருந்தது. புதிது வாங்கிவிட்டேன். பழையதை யாரும் எடுத்து மாட்டிவிடக் கூடாது என்று நடுவில் அறுத்துத்தான் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்தேன்.