எமுலேஷனா, விர்ச்சுவல் மெஷினா? செம்பனைக் கணக்குக்கு எது சரிவரும்?

வணக்கம் நண்பர்களே. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் செம்பனைக் குலை எடைக் கணக்கு பார்க்கிறேன். மென்பொருள் பழையது, 32 பிட், விண்டோஸில் மட்டும்தான் ஓடும். பழைய கணினியில் நேரடியாக ஓட்டினால் மாதக் கணக்கு 40 வினாடியில் வந்துவிடும். அது பழுதாகிவிட்டது, இப்போது கையில் இருப்பது எம்1 மேக்புக். மேக்குக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் யூடிஎம் (UTM) மென்பொருளைப் போட்டு, எமுலேட் முறையில், அதாவது இன்டெல் கணினி போல நடிக்க வைத்து, விண்டோஸ் 10 ஏற்றினேன். அதே கணக்குக்கு 11 நிமிடம். சம்பள நாளன்று ஆட்கள் ஆபீஸ் வாசலில் காத்து நிற்க, திரையில் அந்தப் பச்சைக் கோடு நகரவே மாட்டேன் என்கிறது, பார்க்க மனசு கேட்கவில்லை.

காரணம் புரிகிறது. இன்டெல் கட்டளைகள் எல்லாவற்றையும், விண்டோஸையும் சேர்த்து, மேக்கில் இருக்கும் ஏஆர்எம் (ARM) வகை சிப்புக்கு மொழிபெயர்க்க வேண்டியிருக்கிறது. விர்ச்சுவலைஸ் முறையில், அதாவது விர்ச்சுவல் மெஷினாக, ஏஆர்எம் விண்டோஸ் 11 போட்டால் விண்டோஸ் சிப்பிலேயே நேராக ஓடும், மென்பொருளை மட்டும் அது மொழிபெயர்த்துக்கொள்ளும். அப்படி யாராவது ஓட்டிப் பார்த்தீர்களா? நேரடி வேகத்துக்கு எவ்வளவு பக்கத்தில் வந்தது? எனக்கு டேட்டாபேஸ் வேலைதான் அதிகம். அளந்தால் கைப்பேசி ஸ்டாப்வாட்சில் அளந்து சொல்லுங்கள், உள்ளே ஓடும் விண்டோஸின் கடிகாரம் சில நேரம் பிந்தும்.

அப்புறம், பிரிண்டர் மாதிரி கருவிகளை இயக்கும் டிரைவர் மென்பொருளுக்கு இந்த மொழிபெயர்ப்பு கிடையாது, ஏஆர்எம் டிரைவரே வேண்டும். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரை யாராவது ஓட்டியிருந்தால் அவசியம் சொல்லுங்கள், அடுத்த சம்பளத்துக்கு இன்னும் 9 நாள்தான் இருக்கிறது.