க்யூரிங்: நீராற்றுதலா, ஈரங்காத்தலா?

ரா.வே., ஒரகடம்:
அனைவருக்கும் வணக்கம். தொழிற்சாலைக்குத் தளம் போடும் மேஸ்திரிகளுக்கான கையேட்டைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. புதிதாகப் போட்ட கான்கிரீட்டை ஈரம் போகாமல் வைத்து இறுக விடுவதைக் குறிக்கும் 'க்யூரிங்' என்ற சொல்லில்தான் நிற்கிறேன். கைக்கு வந்த முதல் வரைவில் 'உலர்த்துதல்' என்று இருந்தது. அது ஆபத்தான சொல். கான்கிரீட் காய்ந்து இறுகுவதில்லை, சிமெண்ட் தண்ணீரோடு வினைபுரிந்துதான் இறுகுகிறது. ஈரம் சீக்கிரம் போய்விட்டால் வினையும் பாதியில் நின்றுவிடும். ஆலைத் தரையில் இது அப்பட்டமாகத் தெரியும்: ஃபோர்க்லிஃப்ட் ஓடும் தடத்தில் மேற்பரப்பு மாவு மாதிரி உதிரும். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456, சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், சாம்பல் கலந்த சிமெண்டுக்கு 10 நாள் ஈரமாக வைக்கச் சொல்கிறது. 'காய விடும் நாள்' என்று யாரும் அதைப் படித்துவிடக் கூடாது.

அ.சி., தஞ்சாவூர்:
நீராற்றுதல் என்று வையுங்கள். ஆற்று என்றால் தணி. பசியாற்றுதல் என்றால் பசியைத் தணித்தல். கற்காரையின் வேட்கையை நீரால் ஆற்றுகிறோம். புண் ஆறுகிறது என்கிறோமே, அந்த ஆறுதலும் இதில் சேரும். ஆங்கிலச் சொல்லிலும் குணமாக்கும் பொருள் உண்டு. அப்புறம், கான்கிரீட் எதற்கு? கற்காரை இருக்கிறது.

ம.க., யாழ்ப்பாணம்:
இங்கே கொங்கிறீற்று என்றால்தான் ஆட்களுக்கு விளங்கும். ஐயா, காரைக்குடிக்குப் பேர் தந்ததும் இந்தக் காரைதானா?

அ.சி.:
சுண்ணாம்புக் காரை என்போர் உண்டு, காரைச் செடி என்போரும் உண்டு. நான் செடியின் பக்கம். ஊர்ப்பெயர்களில் மரமும் செடியும் எவ்வளவு வருகின்றன, பாருங்கள்: ஆலங்குடி, வேப்பூர், பனையூர்...

ஜெ., திருச்சி:
ஐயா, ஊர்ப்பெயரைத் தனி இழையாகப் பேசலாமே. நீராற்றுதலைப் பெயராக்கினால் நீராற்றல். அதைப் பார்த்தவர் நீர்மின் நிலையத்தைத்தான் நினைப்பார். பன்னிரண்டு வருடமாக சைட்டில் நிற்கிறேன். அங்கே 'தண்ணி விடுறது', 'பாத்தி கட்டுறது' என்பார்கள். பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்து, தூணுக்குச் சாக்கு சுற்றி நனை என்றால் விளக்கமே வேண்டாம். அதையே எழுதுங்கள்.

ரா.வே.:
நானும் முதலில் அதைத்தான் எண்ணினேன். ஆனால் பெரிய ஆலைத் தரைகளில் பாத்தி கட்டாமல், மெழுகு போன்ற திரவத்தைத் தெளித்துப் படலமாக்கியும் விடுகிறார்கள். அதில் தண்ணீரே விடுவதில்லை, உள்ளே இருப்பது ஆவியாகாமல் தடுப்பதோடு சரி. எனவே 'தண்ணீர் விடுதல்' பொருந்தாது, 'நீராற்றுதல்' என்பதும் இடிக்கிறது. ஈரக்காப்பு என்று வைக்கலாமா?

அ.சி.:
கூடவே கூடாது. வெப்பக்காப்பு என்றால் வெப்பத்திலிருந்து காப்பது. ஈரக்காப்பு என்றால் சுவரில் ஓதம் ஏறாமல் தடுப்பது என்றுதானே படிப்பார்கள்? ஈரத்தைக் காப்பதா, ஈரத்திலிருந்து காப்பதா? புலியைக் கொன்ற யானையா, புலி கொன்ற யானையா என்று தெரியாத 'புலிகொல் யானை' போல இரண்டு பக்கமும் இழுக்கும். நேர் எதிர்ப்பொருள் தரும் சொல்லைக் கையேட்டில் வைக்காதீர்கள்.

ம.க.:
அப்படியானால் ஈரங்காத்தல்? நிலத்தைக் கடந்தான் என்று விரியும் நிலங்கடந்தான் போல, ஈரத்தைக் காத்தல் என்று விரியும் இரண்டாம் வேற்றுமைத் தொகை. குழப்பம் குறையும்.

ஜெ.:
நான் மேஸ்திரி ஒருவரிடம் வாசித்துக் காட்டினேன். "ஈரம் போகாம பாத்துக்கறதா?" என்று அவரே கேட்டார். எனக்கு இது போதும். ஆனால் க்யூரிங்கை எடுத்துவிடாதீர்கள், அவர் வாயில் வருவது அதுதான்.

ரா.வே.:
நாளை அச்சு. 'ஈரங்காத்தல்' என்றே போடுகிறேன், ஒவ்வொரு அதிகாரத் தொடக்கத்திலும் 'க்யூரிங் எனப்படும் ஈரங்காத்தல்' என்று வரும். கான்கிரீட் கான்கிரீட்டாகவே இருக்கும், மன்னிக்கவும் ஐயா. தொழிற்கூடத்தில் தூணும் உத்தரமும் வார்த்து நீராவி ஏற்றுவதையும் இதில் அடக்கிவிட்டேன்.

அ.சி.:
நீராவியில் சூடேற்றுவது வினையை விரைவுபடுத்தத்தான். அதையும் காத்தல் என்பதை நான் ஏற்கவில்லை. கற்காரையை விட்டதும் வருத்தம். அடுத்த பதிப்பு எப்போது வரும் என்று எழுதுங்கள், பேசலாம்.