ஃபீஸ் இல்லாத ஜெர்மனிக்கு 20 லட்சம் கடன் வாங்கலாமா?

ஈரோடு பட்டறைக்காரர்

எல்லோருக்கும் வணக்கம். பவானி ரோட்டில் சின்னதாக லேத் பட்டறை வைத்திருக்கிறேன். மகன் மெக்கானிக்கல் முடித்துவிட்டான். ஜெர்மனியில் சாக்சனி மாநிலத்தில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. படிக்க இடம் கிடைத்திருக்கிறது. பாடம் முழுக்க ஆங்கிலத்தில். "அங்கே ஃபீஸே கிடையாது மாமா, கண்ணை மூடிக்கிட்டு அனுப்புங்க" என்கிறான் மச்சான் மகன். ஆனால் விசாவுக்கு முன்பே பிளாக்டு அக்கவுண்டில், அதாவது மாதாமாதம் கொஞ்சமாகத்தான் எடுக்க முடிகிற கணக்கில், 11,904 யூரோ போட்டுக் காட்ட வேண்டுமாம். நம் பணத்தில் 12 லட்சத்துக்கு மேல். மற்ற செலவையும் சேர்த்து, வீட்டுப் பத்திரத்தை வைத்து 20 லட்சம் எடுக்கலாமா என்று யோசிக்கிறேன். பையன் ஜெர்மன் மொழியில் ஏ1 என்ற முதல் படி மட்டும் முடித்திருக்கிறான். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஸ்டுட்கார்ட்வாசி

தாராளமாக அனுப்புங்கள் ஐயா. நான் 2017-ல் வந்தவன். அப்போது அந்தக் கணக்கில் 8,640 யூரோ போட்டால் போதும். அப்பா கரும்பு விற்ற பணத்தோடு அத்தை நகையையும் அடகு வைத்துத்தான் அனுப்பினார். இரண்டரை வருடத்தில் படிப்பை முடித்து, ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் சேர்ந்து, நகையை மீட்டுக் கொடுத்தேன். படிப்பு முடிந்ததும் வேலை தேட 18 மாதம் தருகிறார்கள். மொழி எல்லாம் போன இடத்தில் வந்துவிடும்.

ஒன்றை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள். ஃபீஸ் இல்லை என்பது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. எங்கள் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் நம்மைப் போன்ற வெளிநாட்டவருக்கு ஒரு செமஸ்டருக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து வாங்குகிறது. சாக்சனி என்றால் உங்களுக்குப் பெரும்பாலும் அந்தத் தொல்லை இருக்காது.

வங்கியில் 31 வருடம்

நான் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். கணக்கை மட்டும் சொல்கிறேன். 20 லட்சத்தையும் முதலிலேயே எடுத்து, வட்டி 10.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 2.10 லட்சம் வட்டி. படிப்பு இரண்டு வருடம், அதற்குப் பின் ஒரு வருடம் தவணை கட்ட வேண்டாம் என்பார்கள். வட்டி மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். மூன்று வருடத்தில் கடன் 26 லட்சத்தைத் தாண்டிவிடும். பத்து வருடத்தில் அடைக்க மாதம் 35,000 ரூபாய்க்கு மேல். பையனுக்கு வேலை கிடைத்தால் அது பெரிய தொகையே இல்லை. கிடைக்காவிட்டால் அந்த லேத்தா அடைக்கும்? பத்திரத்தை வைத்துவிட்டு என் மேஜைக்கு எதிரே அழுத தகப்பன்மார்களைப் பார்த்தவன் நான். இங்கேயே வேலைக்குப் போகச் சொல்லுங்கள். பிறகு பார்க்கலாம்.

கெம்னிட்ஸ் மாணவி

நான் சாக்சனியில்தான் எம்.எஸ்சி. நான்காவது செமஸ்டர் படிக்கிறேன். ஐயா, பணத்தைப் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள். பரீட்சையைப் பற்றி யாரும் சொல்லவில்லையே?

நம் ஊரில் அரியர் வைத்தால் என்ன செய்வோம்? அடுத்த முறை எழுதுவோம், அதற்கடுத்த முறையும் எழுதுவோம். இங்கே பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் ஒரு பாடத்துக்கு மூன்று முறைதான். மூன்றாவதிலும் போனால் பெயரை நீக்கிவிடுவார்கள். அதே படிப்பை ஜெர்மனியில் வேறு எங்கும் சேர்ந்து தொடர முடியாது. விசாவும் அந்தப் படிப்பை நம்பித்தான் நிற்கிறது. இன்டர்னல் மார்க் என்று கைகொடுக்க ஒன்றும் கிடையாது. பல பாடங்களுக்கு செமஸ்டர் கடைசியில் வரும் ஒரே பரீட்சைதான் எல்லாம்.

பக்கத்து அறையில் இருந்த அக்காவுக்கு அது நடந்தது. மதுரைப் பக்கத்துப் பெண், கல்லூரியில் முதல் வகுப்பு. விசா தாமதமாகி நவம்பர் கடைசியில்தான் வந்து சேர்ந்தார். வகுப்புகள் அக்டோபரிலேயே தொடங்கியிருந்தன. விடுதியில் இடமில்லை, ஏழு வாரம் தெரிந்தவர்கள் அறையில் தரையில் படுத்தார். பிளாக்டு அக்கவுண்டிலிருந்து மாதம் 992 யூரோதான் வெளியே வரும். அதில் வாடகையும் மருத்துவக் காப்பீடும் போக, மிச்சத்தில் வீட்டுக்கு வட்டி கட்டப் பணம் அனுப்பினார். அதனால் பார்சல் கிடங்கில் ராத்திரி வேலை. ஜெர்மன் பேசத் தெரியாதவர்களுக்கு அங்கேதான் சுலபமாக வேலை கிடைக்கும். விடியற்காலை நான்கு மணிக்கு வந்து, கையுறையைக் கழற்றாமலே சமையலறை ஹீட்டர் மேல் கையை வைத்துக்கொண்டு நிற்பார். எட்டு மணிக்கு வகுப்பு. பெயரை நீக்கிவிட்டதாகக் கடிதம் வந்த அன்று மாடிப்படியில் உட்கார்ந்து என்னிடம் நீட்டி, "இதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லு" என்றார். இரண்டு வருடம் இருந்த ஊரில் அவர் வாழ்க்கையை முடிவு செய்த கடிதத்தை அவரால் படிக்க முடியவில்லை.

மொழி போன இடத்தில் வரும் என்று ஸ்டுட்கார்ட் அண்ணன் சொல்கிறார். எப்போது வரும் அண்ணா? வகுப்பு ஆங்கிலத்தில், அறையில் தமிழில், கிடங்கில் யாரும் பேசுவதே இல்லை.

ஸ்டுட்கார்ட்வாசி

தங்கச்சி, அந்தப் பெண்ணை நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒருவருக்கு நடந்ததை வைத்து ஊரையே பயமுறுத்தக் கூடாது. என்னோடு வந்தவர்களில் பெரும்பாலோர் நன்றாகத்தான் இருக்கிறோம். வாரம் 20 மணி நேரம் மாணவர் வேலை பார்த்தால், 2025-ன் குறைந்தபட்சக் கூலி 12.82 யூரோ கணக்கில் மாதம் ஆயிரத்துக்கு மேல் வரும். வீட்டிலிருந்து பணமே கேட்க வேண்டாம்.

கெம்னிட்ஸ் மாணவி

அந்த மாணவர் வேலையைத்தான் நானும் சொல்கிறேன். படிப்புக்குச் சம்பந்தமான வேலைக்கு 40 விண்ணப்பம் போட்டேன். பதில் வந்தவற்றில் பாதியில் பி2 கேட்டார்கள், அதாவது ஏ1, ஏ2, பி1 தாண்டி ஜெர்மன் மொழியில் நான்காவது படி. நீங்கள் வந்த காலத்தில் கார் கம்பெனிகள் ஆள் எடுத்தன. இப்போது ஃபோக்ஸ்வாகன் 2030-க்குள் 35,000-க்கு மேற்பட்ட வேலைகளைக் குறைக்க 2024 டிசம்பரில் தொழிற்சங்கத்தோடு ஒப்பந்தமே போட்டுவிட்டது. மெக்கானிக்கல் பையனுக்கு இது சின்ன விஷயமா?

அப்புறம், 11,904 யூரோ முதல் வருடத்துக்கு மட்டும். விசாவை நீட்டிக்கப் போகும்போது மறுபடியும் பணம் காட்ட வேண்டும்.

வராதீர்கள் என்று நான் சொல்லவில்லை. எனக்கு இந்தப் படிப்பு பிடித்திருக்கிறது. இங்கே ஆய்வுக்கூடத்தில் எந்திரத்தை நம் கையில் விட்டுவிட்டுப் பேராசிரியர் தள்ளி நிற்பார். பி1 முடித்துவிட்டு வரட்டும் என்கிறேன், அவ்வளவுதான்.

வங்கியில் 31 வருடம்

இந்தப் பெண் சொல்வதை ஏற்கிறேன். நான் போகவே வேண்டாம் என்றேன், அதை மட்டும் மாற்றிக்கொள்கிறேன். ஆனால் குடியிருக்கும் வீட்டை வைக்க வேண்டாம். வேறு நிலம், வைப்புத்தொகை ஏதாவது இருந்தால் அதை வையுங்கள். மொத்தத் தொகையையும் ஒரே தடவையில் எடுக்காமல் தவணையாக எடுங்கள்.

ஸ்டுட்கார்ட்வாசி

பி1 முடிப்பதற்காகக் கிடைத்த இடத்தை விடுவது எனக்கு இன்னும் சரியாகப் படவில்லை. இங்கே பெரும்பாலும் சீட்டை அடுத்த வருடத்துக்குத் தள்ளி வைக்க மாட்டார்கள், புதிதாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். திரும்பக் கிடைக்கும் என்று யார் உத்தரவாதம் தருவது? ஆனால் நம் ஊர்ப் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்து ஜெர்மனிக்காகத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழ், 18,000 ரூபாய் கட்டி வாங்கியது, வீணாகாது. அதை மறுபடியும் பயன்படுத்தலாம்.

ஈரோடு பட்டறைக்காரர்

எல்லாவற்றையும் மகனிடம் படித்துக் காட்டினேன். மாணவி சொன்ன அந்த மாடிப்படி விஷயத்துக்கு வந்ததும் போனை வாங்கி அவனே படித்தான். ராத்திரி வெகுநேரம் பேசவில்லை. காலையில் பட்டறைக்கு வந்து, லேத் பக்கத்துச் சுவரில் சாக்பீஸால் "டி ட்ரேபாங்க்" என்று எழுதினான். லேத்துக்கு ஜெர்மன் பேராம். கோயம்புத்தூரில் ஏ2 வகுப்புக்கு விசாரித்துவிட்டான். அவன் அம்மாவுக்குத்தான் கிடைத்த இடம் போகிறதே என்று ஆதங்கம்.

தங்கச்சி, ஒரு கேள்வி. அந்த மதுரைப் பெண் இப்போது எங்கே இருக்கிறார்?

கெம்னிட்ஸ் மாணவி

ஊருக்கு வந்துவிட்டார் ஐயா. ஒரு தனியார் கல்லூரியில் வேலை பார்க்கிறார். கடன் இன்னும் ஓடுகிறது. உங்கள் மகனுக்கு ஏ2-வில் சந்தேகம் வந்தால் ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கேயே கேட்கச் சொல்லுங்கள், நான் பார்ப்பேன்.