பார்வையில்லாத மாணவிக்கு வரைபடத்தாள் சொல்லித்தர யோசனை வேண்டும்

வணக்கம். அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். இந்த வருடம் பார்வை அறவே இல்லாத ஒரு மாணவி சேர்ந்திருக்கிறாள். கெட்டிக்காரி, மனக்கணக்குக்கு மற்ற பிள்ளைகள் அவளைத்தான் கேட்கிறார்கள். கூட்டல், பெருக்கலுக்கு டெய்லர் சட்டம் (பார்வையில்லாதவர்கள் தொட்டுக் கணக்குப் போடும் துளைப் பலகை) இருக்கிறது. துளையில் சிறு உலோக அச்சுக்கட்டையை எட்டுத் திசையில் திருப்பியும், தலைகீழாக மாற்றியும் வைத்தே இலக்கங்களைக் குறித்துவிடுகிறாள். சிக்கல் வடிவியலிலும் வரைபடத்தாளிலும்தான்.

கெட்டி அட்டையின் பின்பக்கம் கோணி ஊசியால் குத்தி ஒரு முக்கோணம் போட்டேன். முன்பக்கம் புள்ளிகள் விரலுக்கு நன்றாகத் தட்டுப்பட்டன, ஆனால் இடம் வலமாகிவிட்டது! படத்தை இடவலம் மாற்றி வரைந்து குத்தவேண்டும் என்று அப்புறம்தான் உறைத்தது. மறுநாள் பசையில் நூல் ஒட்டினேன். அது சரியாக வருகிறது, ஒரு படத்துக்கு அரைமணி நேரம் போகிறது.

எக்ஸ், ஒய் அச்சில் அவளே தொட்டுப் புள்ளி குறிக்கும்படி, தெர்மோகோல், குண்டூசி, ரப்பர் பேண்டு வைத்து யாராவது செய்ததுண்டா? சமன்பாடுகளை நெமத் பிரெயிலில் (கணக்குக் குறிகளுக்கான பிரெயில் முறை) தமிழ்வழிப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தந்தவர்கள் இருக்கிறீர்களா? படம் வரும் பாடத்தை அவளுக்கு விட்டுவிடலாமே என்கிறார்கள் சிலர். எனக்கு அதில் மனமில்லை.

செய்து பார்த்தவர்கள் ஒரு போட்டோ போட்டால் போதும். திங்கட்கிழமை பாடம் தொடங்குகிறேன்.