பெரியம்மாவின்ர மா வாளிக்குள்ள சாராயப் போத்தல். என்ன செய்யிறது?

கொக்குவில் பிள்ளை:
பெரியம்மாவுக்கு 56 வயசு. பெரியப்பா காலமாகி நாலு வருசம். மகன் கனடாவில, மகள் சுவிஸில. அந்தப் பெரிய வீட்டில தனிய இருக்கிறா. கிழமைக்கு ரெண்டு தரம் நான் போய்ப் பாக்கிறனான்.

போன வெள்ளி புட்டு அவிப்பம் எண்டு மா வாளிக்குள்ள கை விட்டன். ஒரு கால் போத்தல் சாராயம், அரைவாசி முடிஞ்சிருந்தது. பொலித்தீன் பையால சுத்தி, றப்பர் பான்ட் ரெண்டு போட்டு, உள்ள ஒரு துளி மா போகாம வைச்சிருந்தா. அந்தச் சுத்தைப் பாத்த உடனதான் இது நேற்று இண்டைக்குத் துவங்கின பழக்கமில்லை எண்டு விளங்கினது. கொஞ்சக் காலமா எந்த நேரமும் ஏலக்காய் சப்பிறா. காலமை தேத்தண்ணிக் கோப்பை பிடிக்கேக்க கை நடுங்குது. கேட்டா, சீனி குறைஞ்சிட்டுதாம்.

கடைக்கு அவ போயிருக்க மாட்டா. பொம்பிளையளுக்கு மதுபானம் விக்கக் கூடாது எண்டு 1979இல அரச வர்த்தமானியில அறிவித்தல் போட்டவை. 2018 தை மாசம் அதை எடுத்துப்போட்டு, சில நாளிலேயே திரும்பக் கொண்டு வந்திட்டினம். வழமையா வாற ஓட்டோக்காரப் பெடியனுக்கு அவ ஓட்டக் காசுக்கு மேல குடுக்கிறதைக் கண்டிருக்கிறன். அதுவாத்தான் இருக்கும்.

கனடாவில இருக்கிற அண்ணாவுக்குச் சொன்னா காசு அனுப்பிறதை நிப்பாட்டிப்போடுவார். போத்தலை ஊத்திப்போட்டு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்து அறையில விட்டுப் பூட்டு எண்டு அம்மா சொல்லுறா. எனக்கு மனம் வரேல்லை. 1995 இடப்பெயர்வில அந்தச் சனத்துக்குள்ள, மழையில, என்னைத் தோளில வைச்சு நாவற்குழிப் பாலம் கடந்தவ அவதான்.

ஓய்வுபெற்ற தாதி:
தங்கச்சி, ஊத்தாதேங்கோ, பூட்டாதேங்கோ. கை நடுங்குது எண்டால் உடம்பு அதுக்குப் பழகியிருக்கக்கூடும். ஒவ்வொரு நாளும் குடிக்கிற ஆள் திடீரெண்டு விட்டால் முதல் நாளே வேர்வை, வாந்தி, நடுக்கம். ரெண்டு நாளுக்குள்ள வலிப்பு வரலாம். மூண்டாம் நாளளவில புத்தி மாறாட்டம். அதில உயிரும் போகும்.

நான் வேலை செய்த வார்ட்டுக்கு இடுப்பெலும்பு முறிஞ்சு ஒரு அம்மா வந்தவ. ஆம்பிளையளிட்டக் கேக்கிற கேள்வியை அவவிட்ட நாங்கள் ஒருத்தரும் கேக்கேல்லை. மூண்டாம் நாள் இரவு வெறும் சுவரில பூச்சி புடுங்கத் துவங்கினா. விசர் எண்டு நினைச்சுக் கையைக் கட்டினம். விடியப்புறம் மகள் வந்து அழுதழுது சொன்ன பிறகுதான் எங்களுக்கு விளங்கினது. அந்தக் கையைக் கட்டினதை இண்டைக்கும் நினைப்பன்.

ஒரு கால் போத்தல், 180 மில்லி சாராயத்தில ஏறக்குறைய 50 கிராம் மதுசாரம் இருக்கு. பொம்பிளையின்ர உடம்பில தண்ணி குறைவு, அதே அளவு குடிச்சாலும் கூடுதலாத் தாக்கும், ஈரலும் கெதியாப் பழுதாகும். சீனி வருத்தக் குளிசை போடுறாவோ எண்டும் பாருங்கோ, ரெண்டும் சேர்ந்தா ஆபத்து. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழையிலும் மனநலப் பிரிவு இருக்கு. 1926 எண்ட மனநல உதவி இலக்கத்துக்கு எடுத்தும் கதைக்கலாம்.

சுழிபுரத்தான்:
வெளிநாட்டுக் காசு வந்துதான் எங்கட பெண்டுகள் கெட்டது எண்டு ஆராவது எழுத முதல் சொல்லுறன். என்ர ஆச்சி வெங்காயத் தோட்டத்தால வந்து வேலிக்கரையில குந்தியிருந்து பனையோலைப் பிளாவில கள்ளுக் குடிப்பா. எல்லாருக்கும் தெரியும். கள்ளை ஒளிச்சு வைக்கேலாது, பொழுதுபட முதல் புளிச்சுப்போடும். சாராயம் மா வாளிக்குள்ள எத்தினை மாசமும் கிடக்கும்.

பேர் வேண்டாம்:
நான் குடிச்சனான். விட்டு மூண்டு வருசம். பிள்ளை பிறந்த நேரம் மாமி பத்தியச் சரக்குக் கறியோட ஒரு மூடி பிராண்டி தந்தவ, மருந்தெண்டு. 2009க்குப் பிறகு நித்திரை வராமல் கிடக்கேக்க அந்த மூடிதான் ஞாபகம் வந்தது. ஒரு மூடி, ரெண்டு மூடி, பிறகு மூடியால அளக்கிறதை விட்டிட்டன். கண்டுபிடிச்ச அண்டைக்கு அக்கா “குடிக்கிறியோ” எண்டு கேக்கேல்லை. “இரவில நித்திரை வருகுதோ” எண்டுதான் கேட்டவ. அதுக்குத்தான் என்னால பதில் சொல்ல முடிஞ்சது.

கொக்குவில் பிள்ளை:
நேற்றுப் போனன். நித்திரையைப் பற்றித்தான் கேட்டன். கனநேரம் முருங்கையிலை ஆய்ஞ்சுகொண்டே இருந்தா. “அவர் இருமிற சத்தம் இல்லாமல் எனக்குக் கண் மூடுதில்லை பிள்ளை” எண்டா. பிறகு தானே எழும்பிப் போய் வாளியைத் திறந்து, ஒரு நாளைக்கு இவ்வளவு எண்டு போத்தலில விரல் வைச்சுக் காட்டினா. முக்கால்வாசி. மற்றக் கை என்ர கையைப் பிடிச்சிருந்தது.

நாளைக்குக் காலமை தெல்லிப்பழைக்குப் போறம். நான் ஒண்டையும் ஊத்தேல்லை. இண்டைக்கு இரவு அங்கதான் படுக்கிறன். அண்ணாவுக்கு இன்னும் சொல்லேல்லை. வேற ஓட்டோ பிடிச்சிருக்கு.