45 டிகிரி வெட்டில் டைல்ஸ் ஓரம் சில்லுசில்லாகப் பெயர்கிறது – என்ன செய்யலாம்?

வெளிமூலை: குளியலறைத் திண்டின் வெளிமூலையில் இரண்டு டைல்ஸை 45 டிகிரியில் சேர்க்க வேண்டும். டைல்ஸ் 600×1200 மி.மீ., 9 மி.மீ. கனம், மேலே கிளேஸ் (கண்ணாடி போன்ற பூச்சு) உள்ள விட்ரிஃபைட். 4 இஞ்ச் கிரைண்டர், புது டைமண்ட் பிளேடு. கிளேஸ் ஓரம் 2, 3 மி.மீ. அளவுக்குப் பொக்கை பொக்கையாக விழுகிறது. மாஸ்கிங் டேப் ஒட்டியும் நிற்கவில்லை.

ரசமட்டம்: பிளேடின் விளிம்பு முழு வட்டமா, இடையிடையே வெட்டு விட்டதா? வெட்டு விட்டது கான்கிரீட்டுக்கு. ஒவ்வொரு துண்டும் கிளேஸில் மோதும். டைல்ஸுக்கு விளிம்பு தொடர்ச்சியாக இருக்கும் 1.2 மி.மீ. பிளேடு வேண்டும். இன்னொன்று, பிளேடின் நடுத்துளையை அளந்து பாருங்கள்.

வெளிமூலை: முழு வட்டம்தான். துளை 20 மி.மீ., கிரைண்டர் தண்டு 16. நட்டை நன்றாக இறுக்கியிருக்கிறேன்.

ரசமட்டம்: அதுதான் வினை. 20 மி.மீ. துளை மார்பிள் கட்டருக்கானது. நட்டு பிளேடை இறுக்கிப் பிடிக்குமே தவிர நடுவில் நிறுத்தாது; 20 துளையை 16 ஆகக் குறைக்கும் ரெடியூசர் வளையம் போட்டே ஆக வேண்டும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பென்சில் முனையை பிளேடு விளிம்பருகே அசையாமல் பிடித்து, கையால் ஒரு சுற்று சுற்றுங்கள். இடைவெளி கூடிக் குறைந்தால் பிளேடு நடுவில் இல்லை. பக்கவாட்டிலும் அதேபோல் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் பிளேடு வளைந்திருக்கிறது, மாற்றிவிடுங்கள். டேப் கோடு தெரியத்தான் உதவும், ஆட்டத்தை அடக்காது.

மூலைமட்டம்: வளையம் போட்டாலும், சாய்வைக் கிளேஸ் வரைக்கும் கொண்டுபோனால் பெயரத்தான் செய்யும். கத்தி முனைபோல் மெலிந்த கிளேஸுக்குப் பின்னால் தாங்க ஒன்றுமில்லை. பலரும் சறுக்குவது இங்கேதான்.

வெட்டிய ஓரத்தை விட்டு, கம்பெனி ஓரத்தையே மூலைப் பக்கம் வையுங்கள். டைல்ஸின் பக்கவாட்டில், கிளேஸிலிருந்து 1.5 மி.மீ. கீழே பென்சில் கோடு போடுங்கள். கிளேஸ் மேலே பார்க்க, ஓரம் மேசைக்கு வெளியே கொஞ்சம் நீட்டியிருக்கட்டும். அந்தக் கோட்டுக்குக் கீழேதான் பிளேடு போக வேண்டும். ஒரே மூச்சில் வெட்டாமல், இரண்டு மூன்று தடவையாக ஆழப்படுத்துங்கள். பிறகு டைமண்ட் கப் வீலால் (கிண்ண வடிவத் தேய்ப்புச் சக்கரம்) கிளேஸுக்குக் கீழே 1 மி.மீ. மிஞ்சும் வரை தேய்த்து, அத்தோடு நிறுத்துங்கள். மெல்லிய வெட்டு பிளேடின் பக்கவாட்டை வைத்துத் தேய்க்கவே கூடாது. வளையும், உடைந்து தெறிக்கவும் செய்யும்.

கோணம் 45 வேண்டாம், 46 அல்லது 47. பின்பக்கம் பசைக்கு இடம் இருந்தால்தான் முன் ஓரங்கள் நெருங்கி வரும். கடைசியாக 200, பிறகு 400 கிரிட் டைமண்ட் கை பேடை (கையால் தேய்க்கும் பட்டை) நனைத்து, கிளேஸ் முனையை அரை மி.மீ. மழுக்குங்கள். பேடை மேலிருந்து கீழாக மட்டும் இழுங்கள். கீழிருந்து தூக்கினால் கிளேஸ் பெயரும். சேர்த்த பிறகு மூலையில் 1 மி.மீ. சதுரப் பள்ளம் கிடைக்கும். அதை டைல்ஸ் நிறத்து எபாக்ஸி க்ரவுட்டால் (இடைவெளி அடைக்கும் கலவை) நிரப்பினால், கிளேஸுக்கு உள்ளே இருக்கும் வேறு நிற டைல்ஸ் மண் தெரியாது.

கரணை: நேர்த்தி சரி. ஆனால் கை, வாளி இடிக்கிற திண்டில் எனக்கு 45 பிடிக்காது. மூலையை மூடும் பட்டையான ஸ்டீல் ட்ரிம் வையுங்கள். 9 மி.மீ. டைல்ஸுக்கு 10 மி.மீ. ட்ரிம், டைல்ஸுக்கும் ட்ரிம்முக்கும் நடுவே 2 மி.மீ. க்ரவுட். டைல்ஸ் ட்ரிம்மை விட மேடாக நின்றால் போட்டதே வீண்.

மூலைமட்டம்: திண்டின் கிடை ஓரத்துக்கு ஒத்துக்கொள்கிறேன். செங்குத்து மூலைக்கு 45 போதும்.

வெளிமூலை: வளையம் போட்டதும் வெட்டு சுத்தமாக வருகிறது, நன்றி. சுவிட்ச் பெட்டிக்கு எல் வடிவில் வெட்டினால் உள்மூலையிலிருந்து விரிசல் ஓடுகிறதே?

கரணை: கூர்மையான உள்மூலையில்தான் அழுத்தம் குவியும். முதலில் அந்த மூலையில் 6 அல்லது 8 மி.மீ. டைமண்ட் கோர் பிட்டை (குழாய் போன்ற துளை முனை) ட்ரில்லில் மாட்டித் துளை போடுங்கள். ஹேமர் மோடு அணைத்திருக்கட்டும், வேகம் குறைவு, பிட்டைச் சாய்த்துத் தொடங்கி மெல்ல நிமிர்த்துங்கள், தண்ணீர் விட்டுக்கொண்டே இருங்கள். பிறகு இரண்டு வெட்டும் அந்தத் துளையில் வந்து முடியட்டும். டைல்ஸின் அடி முழுக்கப் பலகை தாங்க வேண்டும்; அந்தரத்தில் தொங்கினால் துளை போட்டும் பயனில்லை.

ரசமட்டம்: கிரைண்டருக்குள் தண்ணீர் போகாமல் ஸ்பாஞ்சால் நனையுங்கள், இணைப்பு ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) வழியாக இருக்கட்டும். பிளேடை மூடியிருக்கும் கார்டைக் கழற்ற வேண்டாம். உலர்வாக வெட்டினால் வரும் தூசியில் சிலிகா உண்டு, துணி கட்டினால் தடுக்காது, என்95 முகக்கவசமாவது போடுங்கள். பிளேடு வெட்டாமல் வழுக்க ஆரம்பித்தால் தூக்கிப் போடாதீர்கள்; சொரசொரப்பான சிமெண்ட் கல்லில் நாலைந்து முறை ஓட்டினால் புது டைமண்ட் வெளியே வரும்.